இரண்டு சுற்றுக்கு ஐந்து தடவை

எங்கள் வீட்டு வாசலில் 1984-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 ஒன்று நிற்கிறது. அப்பாவின் வண்டி. அவர் மறைந்த பிறகு என் பொறுப்புக்கு வந்தது. பள்ளிக்கு நான் பேருந்தில்தான் போய் வருகிறேன். வண்டியை எடுப்பது மாதத்தில் நான்கைந்து நாள், பெரும்பாலும் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக. அம்மாவுக்கு மூட்டுவலி. இப்போதைய கார்களில் குனிந்து, காலை மடக்கி ஏற அவரால் முடிவதில்லை. அம்பாசிடரில் மட்டும் வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொள்வார்.

சென்ற ஆண்டு பள்ளி திறந்த வாரத்தில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. 40 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஒரு முனகல். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். தவிர, முதல் கியரில் கிளட்சை விடும்போது காலுக்கடியில் 'டக்' என்று ஓர் அடி. நகரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிஃபரென்ஷியல் மொத்தமா போச்சு டீச்சர். ஸ்கிராப்ல ஒரு ஹவுசிங் எடுத்து அப்படியே மாட்டிடலாம்" என்றார்கள். 35 ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். அதற்கு வண்டியையே பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற ஆலோசனையும் இலவசமாகக் கிடைத்தது.

எங்கள் பள்ளிக்கு எதிர்த் தெருவில், பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் அண்ணன். அவரிடம் சொன்னேன். "கழட்டுறது கடைசி வேலை. எது கெட்டுச்சுன்னு தேடாதீங்க டீச்சர், முதல்ல எது எது கெடலைன்னு பாப்போம்" என்றார். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறாமல் வை என்று ஆண்டுதோறும் வகுப்பில் நான் சொல்கிறேன். என் வண்டிக்கு அதைச் செய்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வளைவில் என்ன நடக்கிறது?

டிஃபரென்ஷியலின் வேலையைச் சொல்லிவிட்டால் மீதி எளிது. வண்டி நேராகப் போகும்போது பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு சுற்றுகின்றன. வளைவில் அப்படியல்ல. வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் போகின்றன. எங்கள் வண்டியில் ஒரு பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்தால் சுமார் 135 செ.மீ. தெருமுனையில் வண்டி 90 பாகை திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 × 135 ÷ 2, அதாவது ஏறக்குறைய 212 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். திருப்பம் அகலமானதா குறுகலானதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு பெரிய வட்டமாக இருந்தாலும் வேறுபாடு அதே 212 செ.மீ.தான். பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இரண்டு ஆரங்களை எழுதி, கழித்து, ஆரம் தானாக மறைந்துபோவதைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இதற்குத் தீர்வாக, நீராவி வண்டி ஒன்றுக்கென்று 1827-இல் பிரான்சைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கூர் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றைய டிஃபரென்ஷியலின் முன்னோடி. எஞ்சினிலிருந்து வரும் நீளமான தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீலோடு சேர்த்துப் பூட்டிய கூண்டுக்குள் சிறிய சாய்வுப் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு இடது, வலது ஆக்சில்களோடு சேர்ந்தவை. மற்றவை நடுவில் நின்று அந்த இரண்டுக்கும் இடையே சுற்றைப் பங்கு போடுபவை.

இந்தப் பங்கீட்டுக்கு ஒரே ஒரு விதிதான். இடது சக்கரத்தின் சுற்றையும் வலது சக்கரத்தின் சுற்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிரவுன் வீலின் சுற்று கிடைக்கும். வெறும் சராசரி. சேற்றில் மாட்டிய வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் வெறித்தனமாகச் சுற்றுவதும் இந்த விதிப்படிதான்: ஒன்று நின்றுவிட்டால் மற்றது இரண்டு மடங்கு சுற்றும். இதைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த வாரமே அது என்னைத் திருப்பிப் பதம் பார்க்கும் என்று அப்போது தெரியாது.

எது இல்லை?

முதலில் சாலைச் சோதனை. அண்ணன் ஓட்ட, நான் பின்சீட்டில் நோட்டோடு உட்கார்ந்தேன். தார்ச் சாலையிலும் சிமெண்ட் சாலையிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தது. டயரின் சத்தமாக இருந்தால் தரை மாறும்போது அதுவும் மாறும். ஆள் நடமாட்டமில்லாத நேர்சாலையில், எஞ்சினை அணைக்காமல், சிறிது தூரம் நியூட்ரலில் உருள விட்டார். எஞ்சின் தணிந்தது, முனகல் தணியவில்லை. ஆகவே அது எஞ்சின் வேகத்தைச் சார்ந்தது அல்ல, சக்கர வேகத்தைச் சார்ந்தது. காலி மைதானத்தில் இடமும் வலமுமாக வளைத்து ஓட்டினார். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். சக்கர பேரிங் கெட்டிருந்தால் ஒரு பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடி, மறுபக்கம் வளைக்கும்போது குறையும். எங்கள் வண்டியில் வேறுபாடு இல்லை.

நான்காவது சோதனைதான் முக்கியமானது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பினியன் பற்களின் ஒரு முகம் கிரவுன் வீலைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினை இழுக்கிறது. பற்களின் மறுமுகம் உரசுகிறது. பற்கள் தேய்ந்த டிஃபரென்ஷியல் அழுத்தும்போது ஒரு குரலிலும் விடும்போது வேறு குரலிலும் பேசும். சில வண்டிகளில் இரண்டில் ஒன்றில் மட்டுமே சத்தம் வரும். எங்கள் வண்டி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி முனகியது. "பல்லு நல்லாத்தான் இருக்கும்போல. பினியன் பேரிங்கைப் பாக்கணும்" என்றார் அண்ணன். ஆனால் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்த 'டக்' அடி தனிக் கணக்கு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் விட்டோம். இந்த நிலையில் பினியனின் ஃபிளாஞ்சைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு ஆடும். சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன். 4.5 செ.மீ. ஆரத்தில் 11 மி.மீ. ஆட்டம். சுற்றளவு 28.26 செ.மீ.; எனவே கோணம் சுமார் 14 பாகை. பழைய வண்டிக்கும் இது அதிகம். அதற்கு முன்பே ஒன்று கண்ணில் பட்டது. ஃபிளாஞ்ச் அசையாதபோதும் அதையொட்டிய யு.ஜே. கிராஸ் தனியாகக் கொஞ்சம் ஆடியது. அதன் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள். கிரீஸ் வற்றி, ஊசி பேரிங் காய்ந்துபோனதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. 'டக்' சத்தத்தின் பெரும்பங்கு அந்தச் சிறிய சிலுவையிலிருந்து வந்தது. அதை மாற்ற ஹவுசிங்கைத் தொடவே வேண்டாம்.

சனிக்கிழமை

முனகலைத் தேடும் வேலையை மாணவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, ஒன்பது, பத்தாம் வகுப்பிலிருந்து எட்டுப் பேரை ஒரு சனிக்கிழமை காலை அண்ணனின் வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் சென்றேன். வண்டிக்கு அடியில் எந்த மாணவரும் தலையையோ கையையோ நுழைக்கக்கூடாது என்பது முதல் நிபந்தனை. ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் செய்யக்கூடாது, ஆக்சிலுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும் என்பதை அண்ணன் கட்டாயமாகச் சொன்னார். சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் கைப்பிரேக்கை விட்டாக வேண்டும்; ஆகவே தரையில் இருந்த மூன்று சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை வைத்தார். இடது பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, தண்டைப் பினியனிலிருந்து கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டார். இப்போது சக்கரத்தைக் கையால் சுற்றினால் கியர் பாக்ஸ், யு.ஜே. கிராஸ் எதுவும் சுற்றாது. டிஃபரென்ஷியல் மட்டுமே சுற்றும்.

மெதுவாகச் சுற்றியபோது உள்ளே 'கர்... கர்...' என்று அவ்வப்போது ஒரு தடங்கல். அது எதனுடைய தடங்கல் என்று எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சக்கரத்தோடு சுற்றும் பகுதி கெட்டிருந்தால் சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு தடங்கல். பினியனோடு சுற்றும் பகுதி என்றால் கூடுதல் தடங்கல். இந்த வண்டியில் பினியனுக்கு 8 பற்கள், கிரவுன் வீலுக்கு 39 என்று அண்ணன் சொல்லியிருந்தார். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து தடங்கல் வந்தால் பினியன்தான் என்று மாணவர்களிடம் விளக்கினேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். வகுப்பில் எழுதச் சொன்னால் சன்னலைப் பார்ப்பவன். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஹவுசிங்கின் பின்புறத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, பம்பருக்குப் பின்னால் குந்தியிருந்தான். அண்ணன் சக்கரத்தைச் சுற்றினார். எழுந்து வந்து, "ரெண்டு சுத்துக்கு அஞ்சு தடவை, டீச்சர்" என்றான்.

"ஒரு சுத்துக்குத்தானே அஞ்சு வரணும்? கவனமா எண்ணு."

மறுபடி குந்தினான். மறுபடியும் அதே பதில். வேறு மாணவரை உட்கார வைக்கலாம் என்று திரும்பி, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பெண்ணின் பெயரைக்கூடக் கூப்பிட்டுவிட்டேன். அண்ணன்தான், "அவன் சொல்றது சரியா இருந்தா என்ன பண்ணுவீங்க டீச்சர்? ஃபிளாஞ்சுல ஒரு கோடு போட்டுப் பாப்போம்" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டு வண்டிக்கடியில் போனார். சக்கரம் ஒரு சுற்று சுற்றியபோது ஃபிளாஞ்சு ஐந்து முறை சுற்றவில்லை. இரண்டரைக்குச் சற்றுக் குறைவாகத்தான் சுற்றியது.

கரும்பலகையில் நானே எழுதிய விதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வலது சக்கரம் தரையில் நிற்கிறது. அதன் சுற்று பூச்சியம். இடது ஒன்று. சராசரி அரை. கிரவுன் வீல் சுற்றுவதே அரைச் சுற்றுதான். 4.875-இல் பாதி 2.44. இரண்டு சுற்றுக்கு ஐந்து. பையன் சரியாகவே எண்ணியிருந்தான்; நான்தான் ஒரு சக்கரத்தை மறந்துவிட்டேன். அதை எட்டுப் பேருக்கும் முன்னால் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. "இன்னும் பத்து சுத்து எண்ணட்டுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான்.

பத்துச் சுற்று எண்ணினோம். எதிர்பார்க்க வேண்டிய விடைகளை முதலிலேயே மண்ணில் குச்சியால் எழுதி வைத்தோம். கிரவுன் வீலின் குறை என்றால் 5. சக்கரத்தின் அல்லது ஆக்சிலின் குறை என்றால் 10. பினியனின் குறை என்றால் 24. மூன்று பேர் தனித்தனியாக எண்ணினார்கள். 24, 24, 25.

திறந்த பிறகு

இருபுறமும் டிரம்மைக் கழற்றி, ஆக்சில்களை வெளியே இழுத்து, ஆயிலை வடித்து, சுற்றியுள்ள நட்டுகளை அவிழ்த்தால் டிஃபரென்ஷியல் முழுவதும் முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். கனமானது, இருவர் வேண்டும். இந்தப் பகுதியில் சொல்வதற்கு வேறு அதிகமில்லை. ஒன்றே ஒன்று: எந்த ஷிம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கழற்றும்போதே கம்பியில் கோத்துப் பெயர்ச்சீட்டு கட்டுங்கள்.

பற்கள் நன்றாக இருந்தன. தேய்மானம் எல்லாப் பல்லிலும் ஒரே சீராக, கண்ணாடிபோல் மின்னியது. இதற்குப் பின்னால் ஓர் அழகான ஆறாம் வகுப்புக் கணக்கு இருக்கிறது. 8-ம் 39-ம் சார்பகா எண்கள். இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 312. ஒரு குறிப்பிட்ட பினியன் பல், ஒரு குறிப்பிட்ட கிரவுன் பல்லைச் சந்தித்த பிறகு, மற்ற 38 பற்களையும் சந்தித்துவிட்டுத்தான் அதனிடம் திரும்பி வரும். 39-க்குப் பதில் 40 பற்கள் வைத்திருந்தால் ஒவ்வொரு பினியன் பல்லும் வாழ்நாள் முழுக்க அதே ஐந்து பற்களோடு மட்டும் உரசிக்கொண்டிருக்கும். ஒன்றில் குறை இருந்தால் அந்த ஐந்தும் கெடும். மீ.சி.ம. எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு இனி என்னிடம் பதில் உண்டு.

கெட்டிருந்தது பினியனின் பேரிங்தான். உள்வளையத்தில் ஓரிடத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். அந்த இடம் பாரத்துக்கு அடியில் வரும்போதெல்லாம் 'கர்'. கூண்டுக்குள் சாய்வுப் பல்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள வாஷர்களும் மெலிந்திருந்தன. 14 பாகை ஆட்டத்தில் அவற்றுக்கும் பங்கு இருந்தது. பேரிங்குகள், வாஷர்கள், ஆயில் சீல், யு.ஜே. கிராஸ். இவ்வளவுதான் மாற்ற வேண்டியவை. எல்லாமாகச் சேர்த்து, லேத் பட்டறைக் கூலி உட்பட, பட்டறையில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடிந்தது.

பற்கள் கெட்டிருந்தால் கதை வேறு. கிரவுன் வீலையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஓட விட்டு இழைத்து இணை சேர்க்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. அப்படி மாற்றியவர்கள் கொஞ்ச நாளில் இரண்டையும் மாற்றுவார்கள்.

நீலம் சொன்னது

பேரிங்கை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் பாதி வேலை தொடங்கியது. புதிய பேரிங்கின் தடிமன் பழையதோடு இம்மி பிசகாமல் ஒத்திருக்காது. பினியன் கிரவுன் வீலுக்குள் எவ்வளவு ஆழம் நுழைந்திருக்கிறது என்பதை அதன் தலைக்குப் பின்னால் உள்ள மெல்லிய வாஷர் முடிவு செய்கிறது. அங்கே 0.1 மி.மீ. மாறினாலும் பற்கள் வேறு இடத்தில் உரசும்.

அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நான்கைந்து பற்களில் புரூஷியன் நீல மையை மெல்லியதாகத் தடவி, கிரவுன் வீலைக் கட்டையால் சற்றே தடுத்துப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றினால், பல் படும் இடத்தில் மை அழிந்து தடம் விழும். தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் நுனி விளிம்பில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது என்று பொருள். வாஷரைத் தடிமனாக்கி உள்ளே தள்ள வேண்டும். பல்லின் அடியில், பள்ளத்தை ஒட்டி விழுந்தால் பினியன் அதிகமாக நுழைந்துவிட்டது. வாஷரை மெல்லியதாக்க வேண்டும். பல்லின் நீளவாக்கில், கிரவுன் வீலின் மையத்தை நோக்கிய முனையில் விழுந்தால் கிரவுன் வீல் பினியனை நெருங்கியிருக்கிறது. வெளிமுனையில் விழுந்தால் தள்ளியிருக்கிறது.

எங்களுக்கு முதல் தடம் நுனியில் விழுந்தது. 0.10 மி.மீ. கூட்டினோம். தடம் கீழே இறங்கியது. ஆனால் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிட்டது. இவ்வகைப் பல்சக்கரங்களுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் சூடேறி விரியும்போது பற்கள் இறுகும், நடுவே ஆயில் நுழையாது. கிரவுன் வீலை ஷிம் மாற்றி விலக்கினோம். தடம் மறுபடி கொஞ்சம் நகர்ந்தது. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதி, மை தடவிப் பார்த்தோம். நான்கு முறை கழற்றி மாட்டினோம். ஒவ்வொரு முறையும் பேரிங்கை அழுத்தி எடுக்க லேத் பட்டறைக்குப் போனதில், மூன்றாவது தடவை அந்தப் பட்டறைக்காரர் காசே வாங்கவில்லை.

ஷிம்களை அளந்தது பள்ளி ஆய்வகத்தின் திருகு அளவி. மீச்சிற்றளவு 0.01 மி.மீ. பல ஆண்டுகளாகக் கம்பியின் விட்டத்தை மட்டும் அளந்து பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்த கருவி. சுழிப்பிழையைத் திருத்தாமல் ஒரு மாணவி எழுதிய அளவால் ஒரு முழு மாலை வீணானது. இனி அவள் எந்தத் தேர்விலும் சுழிப்பிழையை மறக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

பினியன் பேரிங்குகளைக் கொஞ்சம் இறுக்கத்தோடு பூட்ட வேண்டும். எவ்வளவு இறுக்கம்? ஆயில் சீலைப் போடுவதற்கு முன் ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி, சுருள்வில் தராசில் கோத்து இழுத்துப் பார்த்தோம். ஆரம் 4 செ.மீ.; சீராகச் சுற்றும்போது தராசு 30 நியூட்டன் காட்டினால் திருப்புத்திறன் 1.2 நியூட்டன் மீட்டர். புதிய பேரிங்குக்கு அதுதான் கணக்கு. இதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு போட்டி. அவர் கையால் திருப்பிப் பார்த்து, "இது போதும்" என்று சொன்ன இடத்தில் தராசை வைத்தேன். 31 காட்டியது.

ஏன் கெட்டது?

இது எனக்கு உறுத்தலான பகுதி. மூன்று ஆண்டுகளாகப் பினியன் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு முறை சீலை மாற்றினேன். இரண்டு முறையும் சில மாதங்களில் மறுபடி கசிந்தது. சீல் தரமில்லை என்று முடிவு செய்துவிட்டு, வாசலில் ஆயில் சொட்டும் இடத்தில் ஓர் அட்டையைப் போட்டு வைத்தேன். உள்ளே ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. பினியன் பேரிங் உயரத்தில் இருப்பதால் முதலில் வறண்டது அதுதான்.

ஹவுசிங்கின் மேல்புறம் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அண்ணன் அதைக் கம்பியால் குத்தியபோது காய்ந்த களிமண் கட்டியாக விழுந்தது. வண்டி ஓடினால் ஹவுசிங் சூடாகும். 30 பாகை செல்சியஸில் இருந்த காற்று 80 பாகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 303-இலிருந்து 353. பருமன் மாறாதபோது அழுத்தம் ஆறில் ஒரு பங்கு கூடும். மூச்சுக்குழாய் திறந்திருந்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும். அடைத்திருந்தால், கிடைக்கும் பலவீனமான வழியில் ஆயிலைத் தள்ளும். சீலில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு புதிய சீலும் அதே அழுத்தத்துக்கு எதிராக நின்று தோற்றது. அதோடு, ஆயில் சக்கரப் பக்கத்தில் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்திருந்தால் விளைவு சத்தத்தோடு நின்றிருக்காது. அம்மாவை ஏற்றிக்கொண்டு மலையடிவாரக் கோயிலுக்குப் போய் வந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் '90 ஆயில்' என்றால் போதும், கொடுத்துவிடுவார்கள். இந்த டிஃபரென்ஷியலில் பினியன் கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்திருப்பதால், பற்கள் உருள்வதோடு பக்கவாட்டில் வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஆயிலின் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். உயர் அழுத்தத்துக்கான வேதிப்பொருள் சேர்த்த இ.பி. 90 ஆயில்தான் ஊற்ற வேண்டும். சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை.

500 கி.மீ. ஓடிய பிறகு அந்த ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பார்த்தோம். மாவுபோல் கொஞ்சம் இரும்புத்தூள், புதிய பேரிங்குக்கு அது இயல்பு. துணுக்கு எதுவும் இல்லை. ஃபிளாஞ்சின் ஆட்டம் 11 மி.மீ.-இலிருந்து 5-க்கு வந்திருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் இப்போது அம்மா பேசுவது முன்சீட்டில் கேட்கிறது. சத்தம் போனதைப் பற்றி அவர் சொன்னது, "அப்பா ஓட்டுனப்பவும் இப்படித்தான் இருந்துச்சு" என்பது மட்டும்தான்.

இதை வகுப்பில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு அம்பாசிடர் தேவையில்லை. பழைய இரும்புக் கடையில், கழித்துப் போட்ட வேன் அல்லது சரக்கு ஆட்டோவின் டிஃபரென்ஷியல் எடைக்குக் கிடைக்கும். பேரிங்கும் பற்களும் கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, மரச்சட்டத்தில் பூட்டி, பினியன் பக்கம் ஒரு கைப்பிடி வைக்க உள்ளூர் வெல்டிங் பட்டறை போதும். கைப்பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை முன்னோக்கிச் சுற்றச் சொல்லுங்கள். மறுபக்கம் பின்னோக்கிச் சுற்றும், சராசரி பூச்சியம். அடுத்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றத் தொடங்கும் முன் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் எண்ணுவதற்கு வசதியாக இருக்கும்.